முன்படிக் கதவு யார் பொறுப்பு?

பசியாவரத்துக்காரர்களின் வெளியூர்ப் பயணம் காலங்காலமாகப் படகில்தான் தொடங்கிவந்திருக்கிறது. ஏரிக்குள் இருக்கும் தீவுக் கிராமம் அது. பழவேற்காட்டோடு இணைக்க ஒரு பாலம் வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகுதான் அதற்கான வேலையே கையிலெடுக்கப்பட்டது. மீன் கூடையோடு கிளம்பும் பெண்கள், பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசு கலைக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள், சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு அலையும் பெரியவர்கள் என எல்லாரும் துறையில் இறங்கி, பழவேற்காட்டில் நிற்கும் வண்டியைப் பிடித்தாக வேண்டும்.

படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் படகுக்காரர் பார்த்துக்கொள்வார். "போதும், அடுத்த நடையில வா" என்றால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. இந்த ஏரி அளவுக்கு மீறிய பாரத்தை மன்னிக்காது என்று அவர்களுக்குத் தெரியும். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச்சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காக்கும் சட்டை இல்லை. ஏற்றிய ஆட்களோ அதிகம். அதற்குப் பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது.

கரையேறிப் பேருந்துக்கு வந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் காற்றில் போய்விடுகிறது. காலை வண்டி நிரம்பி, நெரிந்து, கடைசியாக ஏறியவர் முன்படியில் ஒரு காலை மட்டும் வைத்துக்கொண்டு, சன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்க, வண்டி கிளம்புகிறது. கதவு திறந்தே இருக்கிறது. மூட வேண்டும் என்று ஓட்டுநர் நினைத்தாலும் மூட முடியாது, ஏனென்றால் கதவு வந்து சேர வேண்டிய இடத்தில் ஒருவரின் முதுகு இருக்கிறது. பழவேற்காட்டு வண்டிக்கு மட்டும் உரிய காட்சியில்லை இது. சென்னை மாநகரப் பேருந்துகளில், தமிழ்நாட்டின் டவுன் பஸ்களில் அன்றாடம் நடப்பதுதான். பல டவுன் பஸ்களில் மூடுவதற்குக் கதவே கிடையாது.

இதைப் பேச ஆரம்பித்தாலே விவாதம் மாணவர்கள் பக்கம் போய்விடும். "தொங்குறானுங்க, சொன்னா கேக்குறானுங்களா?" என்பார்கள். ஒரு தடத்து மாணவர்களுக்குத் தலைவனாக வலம்வரும் 'ரூட்டு தல' கதைகள் வரும். 2019 ஜூனில் 'பஸ் டே' கொண்டாட்டத்தின்போது ஓட்டுநர் பிரேக் போட, கூரையிலிருந்த மாணவர்கள் கொத்தாகச் சாலையில் விழுந்த வீடியோவை யாராவது நினைவுபடுத்துவார்கள். 2023 நவம்பரில் கெருகம்பாக்கத்தில் நடிகையும் அரசியல் கட்சிப் பிரமுகருமான ஒருவர் வண்டியை மறித்து, ஓட்டுநரைத் திட்டி, படியில் நின்ற பையன்களை அடித்துக் கைதானார். இரண்டு நாள் தமிழ்நாடே அவர் செய்தது சரியா தவறா என்று பட்டிமன்றம் நடத்தியது. அந்த வண்டி ஏன் திறந்த கதவோடு ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டவர்கள் சொற்பம்.

வீரத்தைக் காட்டத் தொங்கும் பையன்கள் இல்லாமல் இல்லை. ஆனால் உள்ளே இடமிருந்தும் தொங்குகிறவனையும், உள்ளே போக வழியில்லாமல் தொங்குகிறவனையும் ஒரே தட்டில் வைப்பது சோம்பேறித்தனம். பொன்னேரித் தடத்தில் காலையில் ஒரு வண்டியை விட்டால் முதல் பாடவேளை போய்விடும் என்று தெரிந்த பிள்ளை எந்தப் பிடி கிடைத்தாலும் பிடித்துக்கொண்டு ஏறத்தான் செய்யும்.

மாணவனை விட்டால் அடுத்து அகப்படுகிறவர் ஓட்டுநர். விபத்து நடந்தால் வழக்கு அவர்மீது, பணியிடை நீக்கம் அவருக்கு. அப்படியும் அவர் கதவைத் திறந்துபோட்டு ஓட்டுகிறார் என்றால் காரணம் இருக்க வேண்டும். ஒரு நிறுத்தத்தில் கதவு மூடித் திறக்க 5 நொடி என்று வைத்துக்கொள்வோம். 30 நிறுத்தம் என்றால் இரண்டரை நிமிடம். போக வர 5 நிமிடம். நாளெல்லாம் ஓட்டும் சிங்கிள்களுக்கு, அதாவது ஒருவழி நடைகளுக்கு, கணக்குப் போட்டால் அவருடைய டீ நேரம் முழுதும் அதிலேயே போய்விடும். நெரிசல் இல்லாத காலத்தில் போட்ட கால அட்டவணையை வைத்துக்கொண்டு நேரக் காப்பாளர் ஏன் தாமதம் என்று கேட்கும்போது, "கதவை மூடித் திறந்தேன் சார்" என்று சொல்ல முடியுமா?

டீசல் கணக்கு இன்னொரு நெருக்கடி. ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்று ஓட்டுநர்வாரியாகப் பார்க்கும் வழக்கம் நம் போக்குவரத்துக் கழகங்களில் உண்டு. முழுதாக நிறுத்தி, மறுபடி முதல் கியரில் கிளப்பினால் டீசல் குடிக்கும். நிறுத்தத்தில் வேகத்தைக் குறைத்து, உருட்டியபடியே நாலு பேரை இறக்கி நாலு பேரை ஏற்றிக்கொண்டால் மைலேஜ் நிற்கும். உருட்டியபடி ஏற்றி இறக்கக் கதவு திறந்திருக்க வேண்டும். ஆக, வண்டியை முழுதாக நிறுத்தாத பழக்கமும் கதவை மூடாத பழக்கமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றைத் திருத்தாமல் மற்றொன்றைத் திருத்த முடியாது.

பிறகு பணிமனை. தானியங்கிக் கதவு காற்றழுத்தத்தில் இயங்குகிறது. பிரேக்குக்குக் காற்று தரும் அதே கம்ப்ரஸர்தான் கதவுக்கும் தருகிறது. பிரேக் தொட்டிகளில் காற்று குறையாமல் காக்கத் தனி வால்வு உண்டு என்றாலும், வயதான வண்டியில் 'ஏர் லீக்' என்றால் ஓட்டுநருக்கு வயிற்றைக் கலக்கும். கதவு சிலிண்டரிலிருந்து புஸ்ஸென்று காற்று கசியும் வண்டியில் அவர் முதலில் செய்வது கதவைத் திறந்த நிலையில் விட்டுவிடுவதுதான். திறந்த கதவோடு வண்டி ஓடும், அதனால் அது அவசர வேலை இல்லை. பிரேக், கிளட்ச், டயர் என்று ஆயிரம் வேலை காத்திருக்கும் பணிமனையில் கதவுக்கான ரப்பரும் சிலிண்டரும் எப்போது முன்வரிசைக்கு வரும்? 2024 பிப்ரவரியில் சென்னை அமைந்தகரை அருகே ஓடும் மாநகரப் பேருந்தின் தரைப்பலகை உடைந்து ஒரு பெண் ஓட்டைக்குள் இறங்கிவிட்டார். சக பயணிகள் கூச்சலிட்டதால் உயிர் தப்பினார். தரைக்கே இந்தக் கதி என்றால் கதவைப் பற்றி என்ன சொல்ல.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. முன்படி யாருடைய பார்வையிலும் இல்லை. சென்னையில் நடத்துநர் பெரும்பாலும் பின்பக்கத்தில் தன் இருக்கையில் இருப்பார். காசு கைமாறிக் கைமாறி அவரிடம் போகும், டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். கூட்டத்தில் அவரால் முன்பக்கம் வரவும் முடியாது, அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாது. அவர் கையிலிருப்பது விசில் மட்டும். ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது வலது ஓரம், கதவு இருப்பது இடது ஓரம். நடுவில் சுவர்போல் ஆட்கள். இடப்பக்கக் கண்ணாடியில் பார்க்கலாம் என்றால், முன்படியில் தொங்குகிறவரின் தோளும் புத்தகப் பையும்தான் அதில் தெரியும். தொங்குபவரைக் காட்ட வேண்டிய கண்ணாடியைத் தொங்குபவரே மறைத்துவிடுகிறார். அந்தப் பக்கத்தில் வரும் பைக்கும் தெரியாது, நிற்கும் லாரியும் தெரியாது.

சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123ஆவது பிரிவு, படியிலோ கூரையிலோ ஆளை ஏற்றிச்செல்வதும் குற்றம், அங்கே பயணிப்பதும் குற்றம் என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 194ஏ பிரிவு, அளவுக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு பயணிக்கும் 200 ரூபாய் அபராதம் என்கிறது. அரசுப் பேருந்தை நிறுத்தித் தலையெண்ணி இந்த அபராதத்தை வசூலிக்கும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். காலை எட்டரை மணி வண்டிக்கு விதிக்கும் அபராதமே அந்த நடையின் வருமானத்தைக் காலி செய்துவிடும்.

அரசு நினைத்தால் கண்டிப்புக் காட்ட முடியும் என்பதற்கு 2012ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஜூலையில் தாம்பரம் அருகே ஒரு பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்தார். மாநிலம் கொதித்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டது. சில மாதங்களுக்குள் பள்ளி வாகனங்களுக்கென்று தனிச் சிறப்பு விதிகளே வந்தன. அதன் பிறகு ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பள்ளி வண்டிகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்திப் படி, கதவு, தரை, அவசர வழி என்று ஆய்வு செய்வது வழக்கமாகிவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று பெருங்குடியில், மாநகரப் பேருந்தின் படியில் நின்ற நான்கு மாணவர்கள் லாரி உரசி இறந்தார்கள். நீதிமன்றம் அதையும் விடவில்லை. தானியங்கிக் கதவு பற்றிய அறிவிப்புகள் அப்போதிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆனால் தனியார் பள்ளி வண்டிக்குக் காட்டிய கண்டிப்பை அரசு தன் சொந்த வண்டிக்குக் காட்டவில்லை. பள்ளி வண்டியில் கதவு சரியில்லை என்றால் தகுதிச் சான்று கிடைக்காது. டவுன் பஸ் கதவில்லாமலே ஆண்டுக்கணக்கில் ஓடும்.

இவ்வளவு சொன்ன பிறகு, கதவை மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று பழவேற்காட்டு மீன்காரப் பெண்களிடம் கேட்டால், அவர்கள் உடனே தலையாட்ட மாட்டார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. இறாலும் நண்டும் மடவையும் நிறைந்த அன்னக்கூடையோடு நிற்கும் பெண்ணைக் கண்டதும் சில வண்டிகள் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கும். 2021 மே மாதம் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு, பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தத்தில் வண்டி நிற்பதில்லை என்ற புகார் மாநிலம் முழுக்க எழுந்தது. அப்போதெல்லாம் திறந்த கதவுதான் அவர்களுக்கு இருந்த ஒரே பிடிமானம். ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்து, கூடையை உள்ளே தள்ளிவிட்டால், ஏறியவரை இறக்கிவிட நடத்துநர் யோசிப்பார். மூடிய கதவு என்றால் வெளியே நின்று தட்ட வேண்டும், திறப்பதும் திறக்காததும் உள்ளே இருப்பவர் இஷ்டம்.

ஏறிவிட்டாலும் சில சமயம் இடமில்லை. 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் வாடை வருகிறது என்று ஒரு மூதாட்டியை அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். நிலையத்தில் நின்று அவர் கதறி நியாயம் கேட்ட வீடியோ பரவி, முதலமைச்சரே வருத்தம் தெரிவிக்கும் அளவுக்குப் போனது. ஓட்டுநர், நடத்துநர், நேரக் காப்பாளர் மூவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். தண்டனையோடு விஷயம் முடிந்தது. கூடை வைக்க வண்டியில் ஓர் இடம் ஒதுக்கலாம் என்ற யோசனை அந்தச் சூட்டிலும் வலுப்பெறவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் பக்கத்து மாநிலத்தில் திருவனந்தபுரத்து மீன்காரப் பெண்களுக்கென்று 'சமுத்திரா' என்ற பெயரில் மூன்று பேருந்துகளை விட்டிருந்தார்கள். கூடை வைக்க வசதி செய்த, கட்டணமில்லாத வண்டிகள். மூன்று வண்டி பெரிய எண்ணிக்கை இல்லைதான். ஆனால் யார் ஏறுகிறார்கள், என்ன சுமையோடு ஏறுகிறார்கள் என்று பார்த்து வண்டியை மாற்றியிருக்கிறார்கள். ஆகவே கதவு மூட வேண்டும் என்று சொல்கிறவர்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி நின்று கதவு திறக்க வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் படியில் தொங்கும் பையனைக் காப்பாற்றுகிறோம் என்று சாலையோரத்தில் ஒரு பெண்ணை விட்டுவிட்டுப் போவோம்.

வெக்கையும் லேசான பிரச்சினை இல்லை. மே மாதத்தில், உள்ளே எழுபது எண்பது பேர், வேர்வை, மீன் தண்ணீர், இன்ஜின் சூடு. கதவை மூடினால் மூச்சுமுட்டும். மும்பை புறநகர் ரயில்களில் இந்த விவாதம் ஏற்கெனவே நடந்துவிட்டது. 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே வாசலில் தொங்கிக்கொண்டு போனவர்கள் தண்டவாளத்தில் விழுந்து உயிரிழந்த பிறகு, இனி வரும் ரயில்களுக்குத் தானியங்கிக் கதவு என்று ரயில்வே அறிவித்தது. குளிர்சாதனம் இல்லாத ரயிலில் கதவை மூடினால் காற்றுக்கு என்ன செய்வது என்ற கேள்வி உடனே வந்தது. கதவிலேயே காற்று நுழையும் பட்டைத் திறப்புகள், கூரையில் காற்று இழுக்கும் கருவி, நெரிசல் பரவிக்கொள்ளப் பெட்டிக்குப் பெட்டி போக வழி என்று அதற்கும் பதில் சொன்னார்கள். கதவு போடுவது என்றால் வண்டியையே புதிதாக யோசிக்க வேண்டும் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டது சரியான தொடக்கம். நாம் பழைய வண்டிக் கூட்டில் கதவை மட்டும் ஒட்டவைத்துவிட்டு, அதைத் திறந்துபோட்டு ஓட்டுகிறார்கள் என்று ஓட்டுநரைக் குறைசொல்லிக்கொண்டிருக்கிறோம்.

திறந்த வாசல் ஒரு சுதந்திரம், நினைத்த இடத்தில் ஏறி இறங்கலாம் என்று உருகுகிறவர்கள் லண்டனைப் பார்க்கலாம். பின்வாசல் திறந்த அந்த ஊர்ச் சிவப்பு வண்டிகளை 2005 டிசம்பரில் வழக்கமான தடங்களிலிருந்து விலக்கினார்கள். மக்களுக்கு மனம் ஆறவில்லை. 2012இல் புதிய வடிவில் திரும்பக் கொண்டுவந்தார்கள். திறந்த வாசலைப் பார்த்துக்கொள்ள அங்கே ஓர் ஆள் நின்றாக வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் விதி. 2016இல் அந்த ஆளுக்கான செலவு கட்டுப்படியாகவில்லை என்று ஆளை எடுத்தார்கள். ஆளை எடுத்ததும் வாசலையும் மூடிவிட்டார்கள். ஆள் இல்லை என்றால் வாசல் மூடப்பட வேண்டும். நம் முன்படியில் ஆளும் இல்லை, கதவும் இல்லை.

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்தக் குழு, எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை முன்கூட்டியே முறைவைத்துத் தீர்த்துவிடுவார்கள். விடிகாலையில் தண்ணீருக்குள் போய் நின்றுகொண்டு யாரும் யாரோடும் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை, முடிவு முந்தியே ஆகியிருக்கும். கதவு விஷயத்திலும் அதுதான் வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூடலாமா வேண்டாமா என்று நேரத்துக்கும் கூட்டத்துக்கும் டீசலுக்கும் நடுவில் ஓட்டுநரை முடிவெடுக்க விடுவதே தவறு. கதவு மூடாமல் வண்டி நகராது என்ற 'இன்டர்லாக்' ஏற்பாடு புதிய தொழில்நுட்பமே அல்ல. நகரப் பேருந்துகளுக்கு மத்திய அரசு வகுத்த வரைமுறைகளில் அது பல ஆண்டுகளாக இருக்கிறது. "கதவு மூடலன்னா வண்டி எடுக்காதுப்பா, நான் என்ன பண்ண?" என்று ஓட்டுநர் சொல்ல முடிந்தால், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். இன்று அவர் பையன்களைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது, அல்லது திட்டு வாங்க வேண்டியிருக்கிறது, சில ஊர்களில் அடியும் வாங்கியிருக்கிறார்.

சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. அதற்கு முந்தைய ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. தானியங்கிக் கதவு கொண்ட வண்டிகள் இவை. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் புது வண்டி நகரத்தின் நடுத் தடங்களுக்கும், அங்கே ஓடித் தேய்ந்தது ஓரத்து ஊர்களுக்கும் போவதுதான் நாம் கண்ட வழக்கம். நடுத் தடத்தில் ஒரு வண்டியை விட்டால் பத்து நிமிடத்தில் இன்னொன்று வரும், அங்கே கதவை மூடுவது எளிது. அடுத்த வண்டி எப்போது என்று தெரியாத பழவேற்காட்டில்தான் ஆட்கள் படியில் தொங்குகிறார்கள். பாதுகாப்பான கதவு முதலில் போக வேண்டிய இடம் எது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

வண்டியைக் கூட்டாமல் கதவை மட்டும் மூடுவது ஏமாற்று வேலை. ஐம்பது பேர் வண்டியில் எண்பது பேர் ஏறுகிற நேரம் எது என்று கழகத்துக்குத் தெரியும். டிக்கெட் இயந்திரம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேர் ஏறினார்கள் என்று பதிந்துவைக்கிறது, கட்டணமில்லா மகளிர் டிக்கெட்டுகளும் அதில் சேர்த்தி. அந்தக் கணக்கை வருமானம் பார்க்க மட்டும் எடுக்காமல், எந்தத் தடத்தில் எந்த மணிக்கு இன்னொரு சிங்கிள் விட வேண்டும் என்று பார்க்க எடுத்தால் போதும். புதிதாகக் குழு அமைக்கத் தேவையில்லை. ஆய்வு, அறிக்கை என்று காலம் தள்ளவும் தேவையில்லை.

போக்குவரத்துத் துறையிடம் பழவேற்காட்டுப் பகுதி மக்கள் கேட்க வேண்டியது அதிகம் இல்லை. பள்ளி வண்டிக்கு இருப்பதுபோல, கதவு இயங்காத அரசுப் பேருந்துக்கும் தகுதிச் சான்று கிடையாது என்று அறிவியுங்கள். கதவை மூடித் திறக்கும் நேரத்தையும் சேர்த்துக் கால அட்டவணையைத் திருத்துங்கள், அதற்கு ஆகும் டீசலை ஓட்டுநர் கணக்கில் எழுதாதீர்கள். கூடையோடு நிற்கும் பெண்ணைத் தாண்டிப் போனால் அது தவறு என்பதைப் பணிமனைப் பலகையில் எழுதிவையுங்கள். பள்ளி, கல்லூரி நேரத்தில் பொன்னேரித் தடத்துக்குக் கூடுதல் வண்டி விடுங்கள். இதையெல்லாம் செய்த பிறகும் ஓர் ஓட்டுநர் கதவைத் திறந்துபோட்டு ஓட்டினால், அப்போது அவரிடம் விளக்கம் கேளுங்கள்.